சும்மா கிடந்த உடம்பு

1

“மாத்திர துன்றதுக்கு முன்னாடி நல்லாத்தானே தம்பி இருந்தாரு?”

2011ஆம் ஆண்டு ஆடி மாசம், வீட்டுத் திண்ணையில் வைத்து அண்ணி என்னிடம் கேட்ட கேள்வி இது. உள்ளே படுத்துக் கிடந்தவர் என் பெரியம்மா மகன். இருபது வருசம் லாரி ஓட்டியவர். எச்.ஐ.வி. என்று உறுதியாகி, கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் பெயர் பதிந்து, மாத்திரை ஆரம்பித்து ஏழாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. ஆரம்பித்த அன்று அவருடைய ரத்தத்தில் சிடி4 அணுக்கள் 38 இருந்தன. நோயில்லாத ஆளுக்கு ஐநூறுக்கு மேல் இருக்க வேண்டியவை.

நாலாவது வாரத்தில் விலாவில் அக்கி கொப்பளித்தது. பெரியம்மா வேளார் வீட்டுக்கு அழைத்துப்போய் காவிமண் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தது. பெரியம்மாவின் சின்ன வயசில், நம் ஆட்களுக்கு வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, மேலே விரல் படாமல் குச்சியால் எழுதி அனுப்புவார்களாம். இப்போது கையால் தொட்டே எழுதுகிறார்கள். அண்ணனுக்கு என்ன நோய் என்று தெரிந்திருந்தால் தொட்டிருப்பார்களா என்று பெரியம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழாவது வாரம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. “தண்ணி” என்று சொல்ல வந்தவர் வேறு என்னமோ சொன்னார். அன்றைக்குத்தான் அண்ணி அப்படிக் கேட்டார்.

நான் எம்.ஏ. படித்தவன். எங்கள் தெருவில் காகிதம் எதுவந்தாலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க என்னிடம்தான் வருவார்கள். அண்ணிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “ரெண்டு நாளைக்கு மாத்திரைய நிறுத்திப் பாக்கலாம் அண்ணி.”

ரெண்டு நாள் பதினெட்டு நாள் ஆனது. நடக்கவே முடியாமல் போனபிறகு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேர் மட்டும் வேணாம், மத்தது எழுது” என்றார். அண்ணியின் ரத்தச் சோதனையில் என்ன வந்தது என்பதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. அண்ணியின் கேள்வியை எழுதும் கடமை இருக்கிறது. கேள்வி எளிமையானது போலத் தெரிகிறது. நன்மை செய்யவந்த ஒன்று தீமையைக் கொண்டுவந்தால் அந்தத் தீமைக்கு யார் பொறுப்பு? அதற்கு முன் இருந்த நிலையை ‘நல்லா இருந்தது’ என்று சொல்லலாமா?

2

உடம்புக்குள் நடந்தது என்னவென்று முதலில் புரிந்துகொள்வோம்.

சின்ன வயசில் அம்மை போடுகிறது. வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, தலைக்குத் தண்ணீர் விட்டபிறகு ஆத்தா இறங்கிவிட்டாள் என்கிறோம். சின்னம்மையின் வைரஸ் உடம்பைவிட்டு இறங்குவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு வேர்களில் ஒடுங்கிக் கிடக்கிறது. எப்போதாவது எதிர்ப்பு சக்தி தடுமாறும்போது அந்த நரம்பு போகிற வழியிலேயே தோலுக்கு வந்து கொப்பளமாகிறது. அக்கி என்று நாம் சொல்வது அதைத்தான். எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் அக்கி வருவது டாக்டர்கள் அறிந்த விசயம்.

அண்ணனின் கையை இழுத்தது இன்னொரு வைரஸ். ஜே.சி. வைரஸ் என்று பெயர். 1971இல் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மனிதருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கிருமிக்கே வைத்துவிட்டார்கள். அது தரும் மூளைநோய் 1958லேயே வைத்திய ஏடுகளில் பதிவாகிவிட்டது. பி.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். உலகம் முழுக்க வயதுவந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வைரசைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் கிடக்கும், ஒன்றும் செய்யாது. காவலுக்கு ஆளில்லாத உடம்பில் அது மூளைக்குப் போகிறது. மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைக்கு மேலே மையலின் என்ற உறை இருக்கிறது. அதைச் செய்துகொடுக்கும் செல்களை இந்த வைரஸ் அழிக்கிறது. கம்பி அம்மணமாகிறது. கைக்குப் போகவேண்டிய கட்டளை போய்ச் சேருவதில்லை.

எச்.ஐ.வி. வைரசை மாத்திரை கட்டிப்போட்டதும் சிடி4 அணுக்கள் மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றன. காவல் திரும்புகிறது. திரும்பிய காவல், தான் இல்லாத காலத்தில் வீட்டுக்குள் குடியேறிவிட்டவனை இப்போதுதான் அடையாளம் காண்கிறது. கண்டதும் தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் ரத்தம் பாய்கிறது, அழற்சி உண்டாகிறது, சுற்றியுள்ள இடம் வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் ஏது? கை விழுகிறது, பேச்சு குழறுகிறது, சிலருக்கு வலிப்பு வருகிறது, சிலர் சாகிறார்கள். ஏற்கெனவே தெரிந்த நோய் மோசமாவதும் உண்டு. இருப்பதே தெரியாத நோய் முகமூடி கழன்று வெளியே வருவதும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஐரிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி திரும்பக் கட்டப்படும்போது எழும் அழற்சி என்று பொருள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரைக்குப் பயப்படக் கூடாது. மாத்திரை தொடங்குகிற பெரும்பாலோருக்கு இப்படி மூளையில் எதுவும் நடப்பதில்லை. சிடி4 ஐம்பதுக்கும் நூறுக்கும் கீழே விழுந்த பிறகு வந்து சேருகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சீக்கிரம் வந்தவருக்கு இது அபூர்வம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் தவறின் அளவு அதில்தான் தெரியும். ஜே.சி. வைரசைக் கொல்லும் மருந்து என்று நம்பத்தக்க எதுவும் இன்றுவரை இல்லை. திரும்பி வரும் எதிர்ப்பு சக்தி ஒன்றுதான் மருந்து. கூட்டு மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் எய்ட்ஸ் நிலையில் இந்த மூளைநோய் வந்த பத்துப்பேரில் ஒருவர் ஒரு வருசம் தாண்டினால் அதிகம். கூட்டு மருந்து வந்தபிறகு சுமார் பாதிப்பேர் தாண்டுகிறார்கள். வீக்கம் உயிருக்கு ஆபத்தாகும்போது ஸ்டீராய்டு கொடுத்து அடக்குகிறார்கள். அப்போதும் கூட்டு மருந்தைப் பொதுவாக நிறுத்துவதில்லை. அண்ணனுக்கு இருந்த ஒரே கதவை, ரெண்டு நாளைக்கு என்று சொல்லி நான்தான் சாத்தினேன்.

3

ஏன் சாத்தினேன்? அண்ணியின் கேள்வியில் இருந்த தர்க்கம் எனக்குச் சரியென்று பட்டது. மாத்திரைக்கு முன்னால் கை நன்றாக இருந்தது, மாத்திரைக்குப் பின்னால் கை போனது, ஆகவே மாத்திரைதான் காரணம்.

இந்தத் தர்க்கம் நமக்குப் புதுசா? ஊரில் இதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். “நீங்கள் சங்கம் வைக்கிறதுக்கு முன்னாடி ஊர் அமைதியாத்தானே இருந்துச்சு?” 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அதற்குப் பின் அடிபட்டார்கள். குளத்தில் சாணியையும் மூத்திரத்தையும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். குடிக்காமல் இருந்தவரை மகாத் அமைதியாக இருந்தது என்றுதான் அடித்தவன் சொல்வான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் எரித்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் எரிந்திருக்காது என்ற வாதத்துக்குப் பெயர் நடுநிலை. காய்ச்சல் தெரிந்த நாளிலிருந்துதான் நோய் என்று கணக்கு வைக்கிறவர்களுக்கு, காய்ச்சல் இல்லாத உடம்பெல்லாம் ஆரோக்கியம்.

அண்ணனுடைய மூளையில் ஜே.சி. வைரஸ் எத்தனை மாதமாக அரித்துக்கொண்டிருந்ததோ தெரியாது. அரித்தபோது வீக்கம் இல்லை, வலி இல்லை. எதிர்க்க ஆளில்லாததால் சண்டையும் இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் அம்மா என்னிடம் சொன்னார்: “இது ஏழு வாரத்துல வந்ததில்லப்பா. ஏழு வாரத்துல தெரிஞ்சது.” நான் எம்.ஏ.யில் படித்த எல்லாவற்றையும்விட அந்த ரெண்டு வாக்கியம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

இந்த ஒப்புமையோடு நிறுத்திவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. மகாத்தில் அடித்தவன் எதிரி. அண்ணனின் மண்டைக்குள் வீங்க வைத்தது அவருடைய சொந்தக் காவல். நோயைப் படைவீரர், போர், கோட்டை என்று பேசுவது நோயாளியைத்தான் கடைசியில் காயப்படுத்தும் என்று சூசன் சொண்டாக் 1989இல் எய்ட்ஸின் உருவகங்கள் பற்றிய நூலில் வாதாடினார். சரிதான். நான்கூடக் காவல், குடியேறியவன் என்றெல்லாம் எழுதிவிட்டேன். சிடி4 அணுவுக்கு நியாயம் அநியாயம் தெரியாது. விழித்ததெல்லாம் நல்லதே செய்யும் என்று உடம்பு நமக்குச் சொல்லித் தரவில்லை. விழிப்பு ஆளையே கொல்லவும் கூடும். அதனால்தான் ஸ்டீராய்டு என்ற கடிவாளம் தேவைப்படுகிறது. இயக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடமான செய்தி இருக்கிறது. எழுச்சி வந்தால் போதும், அதில் விழுகிறவன் விழட்டும் என்று பேசுகிற தோழர்கள் நம்மிடமும் உண்டு. விழுகிறவன் எப்போதும் பேசுகிறவனாக இருப்பதில்லை.

ஒப்புமை உடைந்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. சிகிச்சை தொடங்கிய பின் தெரிகிற சேதத்தின் அளவைப் பெருமளவு தீர்மானிப்பது, தொடங்க எவ்வளவு தாமதமானது என்பதுதான். அப்படியானால் குற்றப்பத்திரிகையை மாத்திரையின் பெயரில் எழுத முடியாது. தாமதத்தின் பெயரில் எழுத வேண்டும். தாமதம் யாருடையது?

4

2006இல் அண்ணனுக்கு விடாத காய்ச்சல். ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் போனபோது வரிசையில் நின்ற முப்பது நாற்பது பேர் காதில் விழுகிற மாதிரி, “ஏய், அந்த லாரிக்காரன், நீ தனியா தள்ளி நில்லு” என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். சீட்டைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் தள்ளியிருக்கிறார்கள். அண்ணன் சீட்டை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டார். அதற்கப்புறம் 2011வரை எந்த ஆஸ்பத்திரிப் படியும் மிதிக்கவில்லை.

ஐந்து வருசம். ‘அறியாமை’ என்று கணக்கெடுப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். “படிக்காத சனம், கடைசி நேரத்துலதான் வருவாங்க” என்று சொல்வார்கள். தள்ளி நில் என்ற சொல்லின் அர்த்தம் எங்கள் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். டீக்கடையில் தனி டம்ளர் பார்த்தவர் அவர். புதுசாக ஒரு தீண்டாமையை ஏற்றுக்கொள்ள மறுத்து வெளியேறிய மனிதனை அறியாதவன் என்று சொல்வது எவ்வளவு வசதியான பொய்! மானத்தைக் காப்பாற்றப் போய் ஐந்து வருசத்தை இழந்தார். மானமா உயிரா என்று ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன இடம்தான் விசாரிக்கப்பட வேண்டியது.

தாமதத்துக்கு இன்னும் பெரிய கணக்கும் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்று உலகுக்குத் தெரிந்தது 1996இல். 2001இல் இந்தியக் கம்பெனி ஒன்று அதே மருந்தை ஓர் ஆளுக்கு ஒரு வருசத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1ஆம் தேதி. முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி. 1996க்கும் 2004க்கும் நடுவில் எட்டு வருசம். அந்த எட்டு வருசத்தில் காசு இருந்தவன் கடையில் வாங்கித் தின்றான். இல்லாதவன் செத்தான். சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே மாத்திரை என்ற முடிவு இந்தியாவில் வந்தது 2017இல். அதுவரை அணுக்கள் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருக்க வைத்தார்கள்.

காத்திருக்கச் சொல்வதெல்லாம் அநியாயம் என்றும் நான் சொல்லமாட்டேன். மூளையுறையில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை பிடித்தவர்களுக்கு எச்.ஐ.வி. மாத்திரையை உடனே கொடுப்பதா, சுமார் ஐந்து வாரம் பொறுத்துக் கொடுப்பதா என்று உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். பொறுத்துக் கொடுத்ததில்தான் அதிகம் பேர் பிழைத்தார்கள். அந்த ஐந்து வாரமும் அவர்களைச் சும்மா போட்டுவைக்கவில்லை. பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, எதிரியைக் குறைத்துவிட்டு, அப்புறம் காவலை எழுப்பினார்கள். ‘பொறு’ என்ற சொல்லுக்கு இதுதான் உரைகல். பொறுக்கச் சொல்கிறவன் அந்த நேரத்தில் நமக்காக என்ன செய்துகொண்டிருக்கிறான்? ஒன்றும் செய்யாமல் பொறு என்பவன் நாம் சாகும்வரை பொறு என்கிறான். நம்மிடம் இத்தனை தலைமுறையாகப் பொறுமை கேட்டவர்கள் எந்த வகை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

5

இனி என் பங்கு. இதைச் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் அடுத்தவன்மேல் பழி போடுவதாகிவிடும்.

மாத்திரை தொடங்கிய அன்று மையத்தில் அண்ணனிடம் நிறையச் சொன்னார்கள். ஆற்றுப்படுத்துநர் பொறுமையானவர். வேளை தப்பக் கூடாது, குடிக்கக் கூடாது, மயக்கம் வரலாம், கெட்ட கனவு வரலாம் என்றெல்லாம் சொன்னார். உள்ளே ஒளிந்திருக்கிற நோய் ஒன்று மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் வெளியே வரலாம், அப்படி வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் ஓடி வாருங்கள் என்று சொல்லவில்லை. பிறகு நான் கேட்டபோது, “சொன்னா பயந்துக்கிட்டு ஆரம்பிக்கவே மாட்டாங்க சார்” என்றார்.

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. அண்ணனே 2006இல் ஓடியவர்தான். உண்மையைச் சொல்லி ஒருவனை இழப்பதைவிட, சொல்லாமல் பத்துப்பேரைக் காப்பாற்றலாமே என்று நல்ல மனசோடு நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும் அந்த நல்ல மனசுக்கு அடியில் ஒரு பழைய நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. இவர்களுக்கு உண்மை தாங்காது, இவர்களுக்கு விவரம் வேண்டாம், கட்டளை போதும் என்ற நம்பிக்கை. நம் காதில் எழுத்து விழக் கூடாது என்றவனும் அது நம் நன்மைக்குத்தான் என்று சொல்லியிருக்கக்கூடும். அண்ணன் 2006இல் ஓடியது உண்மையைக் கேட்டா? இல்லை. உண்மையைச் சொல்லாமல் அவமானத்தை மட்டும் கொடுத்ததால் ஓடினார். 2011இல் நாங்கள் மாத்திரையை நிறுத்தியது தெரிந்ததாலா? தெரியாததால். ‘ஏழாவது வாரம் கை விழுந்தால் இன்னதாக இருக்கலாம்’ என்ற ஒரு வரி எங்களிடம் இருந்திருந்தால், அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்போம். பயமுறுத்தும் என்று மறைத்த செய்திதான் பயம் வந்த நாளில் பிடித்துக்கொள்ளக் கையாக இருந்திருக்கும்.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் தெரிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் சோதனையும் கூடாது, சிகிச்சையும் கூடாது என்கிறது. பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. நல்ல சட்டம். விவரம் என்ற சொல்லுக்குள் நன்மை மட்டும் அடங்குமா, வரக்கூடிய கெடுதலும் அடங்குமா என்பதை ஒவ்வொரு மேசையிலும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மாத்திரை தொடங்குகிறவரோடு கூடப்போகிற தோழர்கள் இதைக் கேளுங்கள்: சிடி4 எவ்வளவு? உள்ளே வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? முதல் மூன்று மாதத்தில் எது வந்தால் உடனே வர வேண்டும்?

என்னை நான் மன்னித்துக்கொள்ளலாமா? தெரியாமல் சொன்னேன் என்று சொல்லலாம். ஆனால் தெரியாது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெருவில் படித்தவன் என்ற பெயர் போய்விடும் என்ற பயம். படிப்பு எனக்குக் கொடுத்த அதிகாரத்தை, அண்ணன் உடம்பின்மேல், அவரைக் கேட்காமலே பயன்படுத்தினேன். அவருக்குப் பேச்சு குழறியது உண்மைதான். தலையாட்டத் தெரியும் அல்லவா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப்போலவே நானும் அவரிடம் கேட்கவில்லை.

6

அண்ணன் பிழைத்துக்கொண்டார். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள், கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஒன்றரை வருசத்தில் பேச்சு முக்கால்வாசி திரும்பியது. வலது கை திரும்பவில்லை. இடது கையால் சோறு அள்ளப் பழகிக்கொண்டார். லாரி ஓட்டுவது முடிந்துபோனது. ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பையன் டயரைக் கழற்றுவான், அண்ணன் எங்கே ஓட்டை என்று காதால் கேட்டுச் சொல்வார். பதினெட்டு நாள் நிறுத்தாமல் இருந்திருந்தால் கை திரும்பியிருக்குமா என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். “சொல்ல முடியாதுப்பா” என்றார். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்.

அண்ணியின் கேள்விக்கு இப்போது நான் சொல்லும் பதில் இதுதான். மாத்திரைக்கு முன்னாடி அண்ணன் நன்றாக இல்லை. சும்மா இருந்தார். உடம்பு சத்தம் போடாததால் நன்றாக இருக்கிறது என்று நாம் நம்பினோம். அவர் உடம்பு சத்தம் போட்ட முதல் நாளில், சத்தத்தை நிறுத்தத்தான் எனக்குத் தோன்றியது. ஊர்க்காரன் நம்மிடம் செய்வதை நான் அவர் உடம்பிடம் செய்தேன்.

போன மாசம் அண்ணியிடம் இதை வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, “அன்னிக்கே இத எவனாவது சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி உன்னக் கேக்கப்போறேன்?” என்றார்.